நிலைத்த பதிவுகளில் பொது உறுப்பும் தனி உறுப்பும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதி நூற்றாண்டுகளாக மிளகு வாணிகத்துக்குப் பெயர் பெற்றது. இடுக்கி, வயநாடு முதலிய மலைப் பகுதிகளில் விளையும் மிளகு இங்குள்ள கிடங்குகளுக்கு வந்து, சலித்துத் தூற்றித் தரம் பிரிக்கப்பட்டு, பிற மாநிலங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று வந்துள்ளது. 1957-ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பட்ட இந்திய மிளகு, நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம் மிளகின் முன்பேர வர்த்தகத்தைப் பல்லாண்டுகள் நடத்தியது.

இத்தகைய வாணிகத்தில் வாங்குபவர் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. மூட்டைகளின் தொகுதிக்கு ‘லாட்’ என்று பெயர். அந்த லாட்டிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்து, அதன் எடை, ஈரப்பதம், லிட்டர் எடை ஆகியவற்றைக் குறித்து வைத்த பதிவையே அவர் நம்புகிறார். 2007-ஆம் ஆண்டின் கிடங்கு வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் கிடங்கு ரசீதைக் கைமாற்றத்தக்க ஆவணமாக ஏற்றுக்கொண்டது. சரக்கைக் கிடங்கில் வைத்துவிட்டு, ரசீதைக் காட்டி விவசாயி வங்கியில் கடன் பெறலாம். ஆகவே பதிவில் உள்ள எண் பிழையாயின், சரக்கு மாறாமல் இருந்தும் அதன் மதிப்பு மாறிவிடும்.

இன்று இப்பதிவுகள் பெரும்பாலும் கணினியில் இருக்கின்றன. அவற்றை எவ்வாறு வரையறுப்பது, எந்த விவரத்தை எல்லா நிரல்களும் தொடுமாறு திறந்து வைப்பது, எதை உள்ளே மூடி வைப்பது என்னும் வினா நிரல் எழுதுபவரை மட்டும் சேர்ந்ததன்று. மாதிரி எடுத்து அளந்து எழுதும் களப் பணியாளரின் உழைப்பு பல ஆண்டுகள் கழித்தும் பொருளுடையதாக இருக்குமா என்பதை இவ்வினாவே தீர்மானிக்கிறது.

இனக்குழுவும் உறுப்புகளும்

ஒரே வகையான பொருள்கள் பலவற்றுக்கும் பொதுவான வரையறை, கணினி அறிவியலில் ‘இனக்குழு’ எனப்படும். ‘மிளகு லாட்’ என்பது ஓர் இனக்குழு என்று கொள்வோம். கிடங்கில் உள்ள ஒவ்வொரு லாட்டும் அவ்வினக்குழுவைச் சேர்ந்த ஒரு பொருள். எடை, ஈரப்பதம், லிட்டர் எடை, வந்த தேதி ஆகியவை அதன் தரவு உறுப்புகள். எடையைக் கூறுதல், உலர்த்தலைப் பதிதல், தரத்தைக் கணித்தல் போன்ற வேலைகளைச் செய்யும் பகுதிகள் அதன் செயற்கூறுகள்.

பொது உறுப்பு என்பது எந்த நிரலும் நேராகப் படிக்கவும் மாற்றவும் இடம் தருவது. தனி உறுப்பு என்பது அவ்வினக்குழுவின் செயற்கூறுகள் மட்டுமே தொடக்கூடியது. வெளி நிரலுக்கு அதன் மதிப்பு வேண்டுமாயின் செயற்கூற்றின் வழியாகக் கேட்டுப் பெறவேண்டும். மாற்ற வேண்டுமாயினும் செயற்கூற்றையே வேண்டவேண்டும். தரவையும் அதனைக் கையாளும் செயற்கூறுகளையும் இவ்வாறு ஓர் உறைக்குள் பொதிந்து வைப்பதை உறைபொதியாக்கம் என்பர்.

இனக்குழு என்னும் கருத்தைத் தெளிவாக வகுத்த முதல் மொழி, நார்வே நாட்டில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்டு ஆகியோர் உருவாக்கிய சிமுலா 67 ஆகும். மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு பகுதிக்குள்ளும் மறைத்து வைக்கவேண்டும் என்ற கொள்கையை டேவிட் பார்னாஸ் 1972-இல் விளக்கினார். பெல் ஆய்வுக்கூடத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-இல் தொடங்கிய பணியிலிருந்து உருவான சி பிளஸ் பிளஸ் மொழி, ‘பொது’, ‘தனி’ என்னும் இரு குறியீடுகளையும் நிரலாளர்களிடையே பரப்பிற்று.

ஈரப்பதமும் எடையும்

உறுப்புகளை மூடி வைப்பதன் பயனை மிளகைக் கொண்டே காணலாம். கிடங்குக்கு 1,000 கிலோ எடையுள்ள ஒரு லாட் வருகிறது. அதன் ஈரப்பதம் 14 சதவீதம். இதில் நீர் 140 கிலோ. நீர் நீங்கிய உலர்பொருள் 860 கிலோ. மிளகை வெயிலில் காயவைத்து ஈரப்பதத்தை 11 சதவீதமாகக் குறைக்கின்றனர். நீர்தான் வெளியேறுகிறதேயன்றி உலர்பொருள் குறைவதில்லை. ஆகவே 860 கிலோ என்பது இப்போது மொத்த எடையில் 89 சதவீதம். 860-ஐ 0.89-ஆல் வகுத்தால் புதிய எடை ஏறத்தாழ 966 கிலோ என்று கிடைக்கும்.

ஈரப்பதமும் எடையும் பொது உறுப்புகளாக இருந்தால் என்ன நேரும்? ஆய்வுக்கூட முடிவுகளை ஏற்றும் ஒரு நிரல், ஈரப்பதத்தை 14-லிருந்து 11 ஆக மாற்றிவிட்டு எடையைத் தொடாமல் விட்டுவிடலாம். அப்போது பதிவு, 11 சதவீத ஈரப்பதத்தில் 1,000 கிலோ இருப்பதாகக் கூறும். அதன்படி உலர்பொருள் 890 கிலோ. அதாவது கிடங்கில் இல்லாத 30 கிலோ உலர்பொருளைப் பதிவு தோற்றுவித்துவிட்டது. விற்பனை எடையில் வேறுபாடு ஏறத்தாழ 34 கிலோ. இந்த ஏட்டுச் சரக்கை நம்பிக் கடன் கொடுத்தவருக்கோ, பின்னர் எடை குறைவதற்குக் காரணம் கூறவேண்டிய கிடங்குப் பணியாளருக்கோ இது சிறு பிழையன்று.

இரண்டையும் தனி உறுப்புகளாக்கி, ‘உலர்த்தலைப் பதிதல்’ என்னும் ஒரே செயற்கூற்றின் வழியாக மட்டும் மாற்ற இடமளித்தால் இத்தவறு எழ வழியில்லை. புதிய ஈரப்பதத்தைப் பெற்றவுடன் அச்செயற்கூறு எடையையும் கணித்து மாற்றும். அல்லது புதிதாக நிறுத்த எடையைக் கேட்டு, கணிப்புடன் ஒப்பிட்டு, வேறுபாடு மிகுந்தால் ஏற்க மறுக்கும். இரண்டு உறுப்புகளுக்கும் இடையே எப்போதும் நிலவவேண்டிய உறவை ஓரிடத்தில் காப்பதே இதன் நோக்கம்.

தரத்தைப் பொறுத்தும் இதுவே நிலை. மலபார் கார்பிள்டு எனப்படும், தூசியும் காம்பும் பொக்கும் நீக்கப்பட்ட மிளகை வணிகர்கள் லிட்டர் எடையால் குறிப்பிடுகின்றனர். ஒரு லிட்டர் அளவையில் மிளகைத் தளர நிரப்பி நிறுத்தால் கிடைக்கும் கிராம் கணக்கே லிட்டர் எடை. 550 கிராம், 500 கிராம் என்று சரக்கைச் சொல்வது இவ்வழக்கத்தால்தான். மணி திரண்டு கனமாக இருந்தால் இவ்வெண் உயரும். பொக்கு மிகுந்தால் தாழும். தரம் என்பது இத்தகைய அளவுகளிலிருந்து பெறப்படும் முடிவேயன்றித் தனியாக அளந்து அறியும் ஒன்றன்று. அதனையும் ஓர் உறுப்பாகச் சேமித்துப் பொதுவில் வைத்தால், அளவுகள் ஒன்றைக் கூற, தரம் வேறொன்றைக் கூறும் நிலை வரும்.

கடிகாரக் கோபுரம் காட்டுவது

மட்டாஞ்சேரி யூத வீதியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் இருக்கிறது. அதன் கடிகாரக் கோபுரம் 18-ஆம் நூற்றாண்டில் எசெக்கியேல் ரஹாபி என்னும் வணிகரால் எழுப்பப்பட்டது. அக்கோபுரத்தின் முகப்புகளில் எபிரேயம், ரோமானியம், மலையாளம் என வெவ்வேறு முறைகளில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வழிபாட்டுக்கு வருபவர் ஒரு முகப்பையும், கடைவீதியில் நிற்பவர் மற்றொன்றையும் படிக்கலாம். பற்சக்கரங்களும் எடைகளும் கோபுரத்தின் உள்ளே இருக்கின்றன. தெருவில் செல்பவர் எவரும் முள்ளைக் கையால் தள்ளி நேரத்தைத் திருத்துவதில்லை.

பொது முகம், தனி உள்ளமைப்பு என்னும் பாகுபாட்டுக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை. உள்ளேயுள்ள சக்கரங்களை முற்றிலும் மாற்றிப் புதிய இயந்திரத்தை வைத்தாலும், முகப்பைப் படிப்பவர் புதிதாக எதையும் கற்கவேண்டியதில்லை.

ஆனால் கடிகாரத்துக்கு நினைவு இல்லை. நேற்று அது காட்டிய நேரம் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. எனவே பழைய சக்கரங்களை மாற்றும்போது நேற்றைய நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பதிவேடு அத்தகையதன்று. பழைய உள்ளமைப்பின்படி எழுதிய பக்கங்கள் அப்படியே இருக்க, புதிய உள்ளமைப்பு வந்து அவற்றைப் படிக்கவேண்டும். நிலைத்த சேமிப்பின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நிரல் முடிந்தும் வாழும் பொருள்கள்

பொதுவாக, நிரல் ஓடி முடிந்ததும் அதன் பொருள்கள் கணினியின் நினைவகத்திலிருந்து மறைந்துவிடும். அவை மறையாமல் வட்டில் தங்கி, அடுத்த நாளோ அடுத்த ஆண்டோ வேறொரு நிரலால் மீண்டும் எடுக்கப்படுவதற்கு நிலைபேறு என்று பெயர். ஸ்காட்லாந்தில் 1980-களின் தொடக்கத்தில் உருவான பி.எஸ்.-அல்கால் மொழி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. பின்னர், பொருள்களை அவ்வாறே சேமிக்கும் தரவுத்தளங்கள் பல தோன்றின.

அத்தகைய தரவுத்தளத்தின் இலக்கணம் யாது என்பதை மால்கம் அட்கின்சன், பிரான்சுவா பான்சில்லான், டேவிட் டிவிட் உள்ளிட்ட அறுவர் 1989-இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டனர். கட்டாயமாக இருக்கவேண்டிய இயல்புகள் என அவர்கள் 13-ஐ வகுத்தனர். அவற்றுள் உறைபொதியாக்கமும் ஒன்று. முன்னேற்பாடின்றி எவரும் எழும் வினாவைக் கேட்டு விடை பெறும் வசதியும் ஒன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவதை அவ்வறிக்கையே உணர்ந்திருந்தது. ‘ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேற்பட்ட லாட்டுகள் எவை?’ என்று கேட்பவருக்கு, ஈரப்பதம் என்னும் உறுப்பு கண்ணில் படவேண்டும். அது முழுவதும் மூடப்பட்டிருந்தால், முன்கூட்டி எழுதி வைத்த செயற்கூறுகள் எவற்றுக்கு விடை கூறுமோ அவற்றை மட்டுமே கேட்க முடியும். ஆகவே தற்செயலான வினாக்களின்பொருட்டு உறையைச் சிறிது தளர்த்துவதில் தவறில்லை என்பது அவர்கள் கருத்து.

இத்துறையின் உற்பத்தியாளர்கள் ஓ.டி.எம்.ஜி. என்னும் குழுவாகக் கூடி 1993-இல் முதல் பொது நியமத்தை வெளியிட்டனர். அதன் மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தது. 2001-இல் குழு கலைந்தது. அந்நியமத்தின் வரையறை மொழியில், ஓர் உறுப்பைப் ‘படிக்க மட்டும்’ என்று குறிக்க இடமுண்டு. எல்லாரும் படிக்கலாம், வினாவிலும் பயன்படுத்தலாம், ஆனால் வெளியிலிருந்து மாற்ற இயலாது. பொது, தனி என்னும் இரு முனைகளுக்கும் இடையிலான இந்த மூன்றாம் வழி, அளந்து எழுதிய விவரங்களுக்கு மிகவும் ஏற்றதாகும்.

தனி உறுப்பு எவ்வளவு தனியானது?

இங்கு ஒரு முக்கியமான உண்மையைக் கவனிக்கவேண்டும். ஓர் உறுப்பு தனியானதாக இருந்தாலும், அதைச் சேமிக்கும் பகுதி அதை அறியாமல் இருக்க முடியாது. வட்டில் எழுதவேண்டுமாயின் அதன் பெயர், வகை, இடம் ஆகிய யாவும் வரையறையில் இருக்கவேண்டும். பிற நிரல்களிடமிருந்து மறைக்கப்பட்ட விவரம், சேமிப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதப்படுகிறது.

ஜாவா மொழியில் 1997-இல் வந்த பொருள் வரிசையாக்க முறை இதற்குத் தெளிவான சான்று. ஒரு பொருளைக் கோப்பில் எழுதும்போது, விலக்கு என்று சிறப்பாகக் குறிக்கப்படாத தன் உறுப்புகள் அனைத்தையும், தனி உறுப்புகள் உட்பட, அம்முறை எழுதிவிடுகிறது. இனக்குழுவுக்கு நிரலாளர் பதிப்பு எண் எதையும் தராவிடில், கணினி தானே ஓர் எண்ணைக் கணித்துக்கொள்ளும். அக்கணிப்பில் இனக்குழுவின் பெயர், செயற்கூறுகள் ஆகியவற்றோடு, சேமிக்கப்படும் தனி உறுப்புகளும் சேர்கின்றன. நிரலாளர், ‘இது உள் விவரந்தானே’ என்று எண்ணி ஒரு தனி உறுப்பின் பெயரை மாற்றினால், அந்த எண் மாறிவிடும். மறுநாள் பழைய கோப்பைத் திறக்க முயலும்போது கணினி அதை ஏற்க மறுக்கும்.

ஆகவே ‘தனி’ என்னும் குறியீடு இன்றைய பிற நிரல்களிடமிருந்து உறுப்பைக் காக்கிறதே தவிர, நாளைய அதே நிரலிடமிருந்து காப்பதில்லை. சேமிக்கப்பட்ட கணத்திலேயே ஒவ்வொரு உறுப்பும் எதிர்காலத்துக்குக் கொடுத்த வாக்குறுதி ஆகிவிடுகிறது.

பிற்கால நியமங்கள் இதனை மனத்திற்கொண்டே விதிகளை வகுத்தன. 2002-இல் வந்த ஜாவா தரவுப் பொருள் நியமம் பொது உறுப்புகளை அனுமதித்தது. ஆனால் அவற்றை நேரடியாகத் தொடும் ஒவ்வொரு வெளி இனக்குழுவையும் சிறப்பாகப் பதப்படுத்தவேண்டும். இல்லையேல், உறுப்பு மாறியது சேமிப்புப் பகுதிக்குத் தெரியாமலே போகும். நினைவகத்தில் புதிய எண்ணும் வட்டில் பழைய எண்ணுமாக இரு வேறு உண்மைகள் இருக்கும். 2006-இல் வந்த ஜாவா நிலைபேற்று நியமம் ஒரு படி மேலே சென்று, நிலைத்த பொருளின் உறுப்புகளைப் பொதுவாக அறிவிக்கலாகாது, வெளியார் செயற்கூறுகளின் வழியாகவே அணுகவேண்டும் என்று விதித்தது.

அலகு மாறினால்

உறைபொதியாக்கத்தின் பெரும் பயன் உள்ளமைப்பை விருப்பம்போல் மாற்றலாம் என்பது. மிளகு லாட்டின் எடையை முதலில் கிலோவில் வைத்திருந்த நிரலாளர், பின்னக் கணக்கைத் தவிர்க்கும்பொருட்டு அதனைக் கிராமில் வைக்க எண்ணுகிறார். எடையைக் கூறும் செயற்கூறு உள்ளேயுள்ள எண்ணை ஆயிரத்தால் வகுத்து முன்போலவே கிலோவில் விடை தரும். வெளி நிரல்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. புதிய லாட்டுகளுக்கு எல்லாம் சரியாக நடக்கும்.

ஆனால் சென்ற ஆண்டு சேமித்த லாட்டின் உறுப்பில் 966 என்ற எண் இருக்கிறது. அது கிலோ. புதிய செயற்கூறு அதனைக் கிராம் என்று கருதி ஆயிரத்தால் வகுத்து, ஒரு கிலோவுக்கும் குறைவு என்று விடை கூறும். இனக்குழுவின் உள்ளே மட்டும் அறிந்திருந்த அலகு, எண்ணோடு சேர்த்து எழுதப்படாததே இதற்குக் காரணம்.

காகிதப் பதிவேட்டிலும் இச்சிக்கல் உண்டு. எடை அளவைகள் தரப்படுத்தும் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, ராத்தலில் எழுதிய பக்கங்களும் கிலோவில் எழுதிய பக்கங்களும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து அமைந்தன. பக்கத்தின் தலைப்பில் அலகு எழுதப்பட்டிருந்தால் பின்வருபவர் தடுமாறமாட்டார். எழுதியவரின் மனத்தில் மட்டும் அலகு இருந்திருந்தால், ஒரு ராத்தல் 453.6 கிராம் என்பதை அறிந்திருந்தும் பயனில்லை.

விண்வெளியிலும் இத்தவறு நேர்ந்தது. 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செவ்வாய் வானிலை ஆய்வுக்கலம் கோளை நெருங்கியபோது அழிந்தது. பூமியில் ஒரு நிரல் உந்துவிசைத் தாக்கத்தைப் பிரிட்டிஷ் முறை அலகில் எழுத, மற்றொன்று அதே எண்ணை மெட்ரிக் அலகாகப் படித்ததே காரணம். எண் சரியாகவே கோப்பில் இருந்தது. அதன் பொருள்தான் எழுதியவரிடமே தங்கிவிட்டது.

புதிய உறுப்பும் பழைய பதிவும்

2012-ஆம் ஆண்டு டிசம்பரில், கொச்சியில் முன்பேர வர்த்தகத்துக்குரிய கிடங்குகளில் இருந்த மிளகில் கனிம எண்ணெய் கலப்பு இருப்பது தெரியவந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆயிரக்கணக்கான டன் மிளகை முத்திரையிட்டனர். மணிகளுக்குப் பளபளப்பூட்டும் இவ்வெண்ணெய் உணவுக்கு ஒவ்வாதது. லிட்டர் எடையும் ஈரப்பதமும் விதிக்குட்பட்டு இருந்தாலும் அவற்றால் மட்டும் இக்கலப்பைக் கண்டறிய இயலாது.

இத்தகைய நிகழ்ச்சிக்குப் பின் ஒரு கிடங்கு தன் இனக்குழு வரையறையில் ‘கனிம எண்ணெய்ச் சோதனை’ என்று புதிய உறுப்பைச் சேர்ப்பதாகக் கொள்வோம். பழைய லாட்டுகளைத் திறக்கும்போது அவ்வுறுப்புக்கு என்ன மதிப்பு வரும்? ஜாவா வரிசையாக்கத்தில், பழைய கோப்பில் இல்லாத எண் உறுப்புக்குச் சுழியே மதிப்பாக அமையும். எண்ணெயின் அளவு சுழி என்று திரையில் தோன்றும். படிப்பவர் அதனை ‘சோதித்தோம், எண்ணெய் இல்லை’ என்று கொள்வார். உண்மையோ, ‘சோதிக்கவே இல்லை’ என்பதாகும்.

சோதிக்காததும், சோதித்து இல்லையெனக் கண்டதும் இரு வேறு செய்திகள். இவ்வேறுபாட்டைப் பதிவில் காக்கவேண்டுமாயின், ‘சோதிக்கப்படவில்லை’ என்னும் நிலைக்கு வரையறையில் தனி இடம் இருக்கவேண்டும். உறுப்பு பொதுவாக இருந்தால் ஒவ்வொரு நிரலும் சுழியைத் தன் விருப்பப்படி பொருள்கொள்ளும். தனியாக இருந்தால், ‘சோதனை நடந்ததா?’ என்ற வினாவுக்கு விடை கூறிய பின்னரே அளவைத் தரும் செயற்கூற்றை அமைக்கலாம். மழைமானியில் சுழி மழையும், அன்று மானியைப் பார்க்காமையும் ஒன்றல்ல என்பதை வானிலைப் பதிவு செய்வோர் அறிவர்.

தனி என்பது இரகசியமன்று

‘தனி’ என்ற சொல் ஒரு மயக்கத்தையும் உண்டாக்குகிறது. ஓர் உறுப்பைத் தனி என்று குறித்துவிட்டால் அது மறைவாகப் பாதுகாக்கப்படும் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. அக்குறியீடு நிரல் மொழியின் ஒழுங்குமுறை மட்டுமே. கோப்பை நேராகத் திறந்து படிக்கும் வேறொரு கருவிக்கு அது தடையாகாது.

சரக்கை ஒப்படைத்த விவசாயியின் பெயர், அவருடைய வங்கிக் கணக்கு எண் போன்றவை லாட்டின் பதிவில் இருக்குமாயின், அவற்றைக் காக்க வேறு முறைகள் வேண்டும். யார் கோப்பைத் திறக்கலாம் என்ற அனுமதி ஒழுங்கு, எழுத்துகளைச் சங்கேதமாக்கும் முறை, தேவையற்றதைச் சேமிக்காமலே விடுதல் ஆகியவை அத்தகையன. கதவுக்குத் திரை இடுவதும் பூட்டு இடுவதும் ஒன்றாகா.

எதைத் திறப்பது, எதை மூடுவது?

எல்லாவற்றையும் மூடிவிடுவதே சிறந்தது என்று முடிவு செய்வதும் பொருந்தாது. ஒவ்வொரு உறுப்புக்கும் படிக்க ஒன்றும் எழுத ஒன்றுமாக இரு செயற்கூறுகளை எழுதி, அவற்றில் எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் விட்டால், அது பொது உறுப்பையே சுற்றிவளைத்துக் கூறுவதாகும். ஒன்றோடொன்று உறவில்லாத, எழுதியபின் மாறாத விவரங்களை நேராகப் படிக்க விடுவதில் தீங்கில்லை. லாட் வந்த தேதி, விளைந்த மாவட்டம் ஆகியவை அத்தகையவை. வினாக்களும் இவற்றைப் பற்றியே மிகுதியாக எழும்.

வரையறை அமைக்கும் குழுவில் களப் பணியாளர்கள் கலந்துகொள்ள நேர்ந்தால், பின்வருவனவற்றைக் கேட்டு உறுதி செய்தல் நன்று.

1. அளந்தது எது, கணித்தது எது? அளந்ததைச் சேமித்து, தரம் போன்ற கணித்தவற்றைத் தேவைப்படும்போது கணித்துக்கொள்ளவேண்டும். அன்று வழங்கிய சான்றிதழ் போன்று, கணித்த முடிவையும் வைக்கவேண்டிய இடத்தில், எந்த விதிப்படி எந்நாளில் கணித்தது என்பதையும் சேர்த்து வைக்கவேண்டும்.

2. சேர்ந்து மாறவேண்டிய உறுப்புகள் யாவை? எடையும் ஈரப்பதமும் போன்றவற்றை மூடி வைத்து, சரிபார்க்கும் ஒரே செயற்கூற்றின் வழியாக மட்டும் மாற்றவேண்டும்.

3. ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு பதிவிலேயே இருக்கிறதா? நிரலாளரின் நினைவில் இருப்பது போதாது.

4. வரையறைக்குப் பதிப்பு எண் உண்டா? பழைய பதிப்பில் எழுதியதைப் புதிய பதிப்பு எவ்வாறு மாற்றிப் படிக்கும் என்பது எழுதப்பட்டிருக்கிறதா?

5. ‘அளக்கவில்லை’ என்று எழுத இடம் இருக்கிறதா? இல்லையேல், பணியாளர் சுழியையோ ஊகித்த எண்ணையோ எழுத நேரிடும்.

6. திருத்தம் செய்தால் பழைய மதிப்பும், திருத்தியவரும், தேதியும் நிற்குமா? காகித ஏட்டில் அடித்து எழுதினாலும் பழைய எண் தெரியும். கணினியில் அது தடமின்றி மறைந்துவிடலாம்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

ஆசிரியர்கள் இப்பொருளைக் கணினி இல்லாமலும் விளக்கலாம். மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சிறு பதிவேடு கொடுக்கவேண்டும். ஈரத் துணி ஒன்றை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்து, அதன் எடையையும், அதில் எஞ்சிய நீரின் சதவீதத்தையும் எழுதச் செய்யவேண்டும். துணியின் உலர் எடையை முதலிலேயே குறித்துக்கொண்டால் சதவீதத்தைக் கணிக்கலாம். முதற்பிரிவில் எவரும் எந்த எண்ணையும் மாற்றலாம். இரண்டாம் பிரிவில் பதிவாளர் ஒருவர் மட்டுமே எழுதலாம். அவர் இரு எண்களையும் உலர் எடையோடு ஒத்துப்பார்த்தே எழுதவேண்டும். முடிவில் எந்த ஏட்டில் முரண்பாடு மிகுதி என்று எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர் இரு ஏடுகளையும் ஒரு மாதம் வைத்திருந்து, வேறொரு வகுப்பு மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும். அவர்கள் கேட்கும் வினாக்கள், ‘இது கிராமா, அவுன்சா?’, ‘இந்தக் கட்டம் ஏன் காலியாக உள்ளது?’, ‘இந்த எண் யாரால் திருத்தப்பட்டது?’ என்பவை போல இருக்கும். முதற்பகுதி, பொது உறுப்பையும் தனி உறுப்பையும் பிரிப்பதன் காரணத்தைக் காட்டும். இரண்டாம் பகுதி, ஒழுங்காக மூடிக் காத்த ஏட்டுக்கும் அலகும் குறிப்பும் இன்றியமையாதன என்பதைக் காட்டும்.

கிடங்கில் உள்ள மிளகு சில மாதங்களில் விற்றுத் தீர்ந்துவிடும். அதைப் பற்றிய பதிவு அதைவிட நெடுங்காலம் நிற்கும். அளந்தவரும் நிரல் எழுதியவரும் அருகில் இல்லாத காலத்தில் ஒருவர் அதனைப் படித்து முடிவெடுக்க நேரும். அவருக்கு வேண்டியவை யாவும் பதிவிலேயே இருக்குமாறு பார்த்துக்கொள்வதே வரையறை செய்பவரின் கடமை.